கோடைக்கு ஒரு ஜாடி: பழமும் மூலிகையும் ஊறிய தண்ணீர்

ஆவடிக்கும் கடலுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர். மெரினாவில் மதியமே எழும் கடற்காற்று அண்ணாநகரையும் அம்பத்தூரையும் தாண்டி இங்கே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கத்திரியில் சில நாள் வராமலே போய்விடும். மே முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசி வரை இதுதான் நிலவரம். 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி பதிவானது. அந்த வெயிலில் உடம்பு கேட்பது தண்ணீரைத்தான். ஆனால் வீட்டில் யாரும் போதிய அளவு குடிப்பதில்லை. "வெறும் தண்ணி இறங்க மாட்டேங்குது" என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். பிள்ளைகள் காரணமே சொல்வதில்லை, நேரே கலர் பாட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கிறது.

இந்த அத்தியாயம் அந்த ஒரு சிக்கலுக்கானது. தண்ணீரில் பழத் துண்டு, இலை, வேர் இவற்றை ஊறவைத்து, மணமும் லேசான சுவையும் ஏற்றி, சர்க்கரை இல்லாமல் குடிக்கும்படி செய்வது. ஜிம்களிலும் ஓட்டல் வரவேற்பறைகளிலும் இதை 'டீடாக்ஸ் வாட்டர்' என்கிறார்கள். உடம்பிலிருந்து நச்சை எடுக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. நாலு வெள்ளரித் துண்டுக்கு அந்த வேலை தெரியாது. எடை குறையும், முகம் பளபளக்கும் என்பதையெல்லாம் இந்த நூலில் தேடாதீர்கள். வைட்டமின்களும் மிகக் குறைவாகவே தண்ணீரில் இறங்கும். ஒரு கொய்யாவைக் கடித்துத் தின்றால் கிடைப்பதில் சிறு பங்குகூட, அதை ஊறவைத்த தண்ணீரில் கிடைக்காது. இதன் பலன் ஒன்றுதான்: நாளைக்கு நாலு டம்ளர் குடிப்பவர் எட்டு டம்ளர் குடிப்பார். ஆவடி வெயிலுக்கு அது சின்னப் பலன் இல்லை.

முதலில் தண்ணீர்

ஜாடியில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதால் பழத்தைவிட அதைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் தண்ணீர் நான்கு வழியில் வருகிறது: மாநகராட்சிக் குழாய், போர், லாரி, கேன். 2019இல் ஆவடி மாநகராட்சி ஆன பிறகும் எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரித் தண்ணீர் என்று சொல்லிவிட முடியாது.

போர் தண்ணீரை அப்படியே எடுத்து இந்த வேலையில் இறங்க வேண்டாம். கிருமி ஒரு காரணம், சுவை இன்னொன்று. இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை அனுமதி. கடினத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் எலுமிச்சையின் புளிப்பை முறித்துவிடும். அதே எலுமிச்சம்பழம், அதே அளவு, ஆனால் ஒரு வீட்டில் சுள்ளென்றும் இன்னொரு வீட்டில் சப்பென்றும் இருப்பதற்கு இதுவே காரணம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கரைந்த உப்பில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஆகவே உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது கேன் தண்ணீர். சுவை சரியாக உள்ள குழாய்த் தண்ணீர் என்றால் கொப்புளம் பொங்கக் கொதித்த பின் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, மூடி வைத்து ஆறவிடுங்கள்.

கேன் வாங்குகிறவர்கள் மூடியின் சீலையும் லேபிளில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 14543 என்ற எண்ணையும் பாருங்கள். தேதி இல்லாத கேன், பாசி படர்ந்த கேன், பழைய லேபிள் தேய்ந்துபோய் புதிய மூடி மட்டும் போட்ட கேன் என்று வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். கேனைக் கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சரை எப்போது கழுவினோம் என்பதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் கேன் சுத்தமாக இருக்கும், குழாய் வழவழத்துக் கிடக்கும்.

பாத்திரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி ஜாடி முதல் தரம், எவர்சில்வர் அதற்கு அடுத்தது. செம்பு, பித்தளை, அலுமினியம் மூன்றிலும் புளிப்புள்ள எதையும் ஊறவைக்கக் கூடாது. செம்புப் பாட்டிலில் தண்ணீர் குடிப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. வெறும் தண்ணீர் என்றால் சரி. அதில் எலுமிச்சை பிழிந்தால் புளிப்பு செம்பைக் கரைத்துத் தண்ணீரில் சேர்க்கும், குமட்டலும் வயிற்றுவலியும் வரும். மண்பானையில் பழம் போடாதீர்கள். அதன் நுண்துளைகள்தான் தண்ணீரைக் குளிரவைக்கின்றன. அதே துளைகளில் பழச்சாறு போய் உட்கார்ந்தால் எத்தனை தேய்த்தாலும் போகாது. பானைக்கு உரியது வெட்டிவேர். அதற்குப் பிறகு வருகிறேன்.

பழங்கள்: எது இறங்கும், எது இறங்காது

பொதுக் கணக்கு இது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கைப்பிடிப் பழத் துண்டு, அதாவது 100 முதல் 150 கிராம். கால் சென்டிமீட்டர் கனத்துக்கு மெல்லியதாக நறுக்க வேண்டும். கனமாக நறுக்கினால் சுவை இறங்கவே இறங்காது. அரைத்தால் அது ஜூஸ், சர்க்கரையும் சக்கையும் சேர்ந்துவிடும். ஒரு ஜாடிக்கு ஒரு பழம், ஒரு இலை. மிஞ்சிப்போனால் கூட ஒரு துண்டு இஞ்சி. ஐந்தாறு பழங்களைப் போட்டுப் படம் எடுத்தால் அழகாக இருக்கும். குடித்தால் எதன் சுவையும் தெரியாது.

எலுமிச்சையில் தொடங்குகிறேன், பெரும்பாலோர் கெடுப்பது அதைத்தான். தோலோடு வட்டமாக நறுக்கி இரவு முழுக்க ஊறவிடுகிறார்கள், காலையில் கசக்கிறது. தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதியிலும் விதையிலும் கசப்பு இருக்கிறது, நேரம் ஆக ஆக அது இறங்கிக்கொண்டே போகும். ஒரு லிட்டருக்கு அரைப் பழம், விதை நீக்கி, தோலோடு என்றால் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் தண்ணீரில் விட வேண்டாம். இரவு முழுக்க ஊற வேண்டும் என்றால் மேல் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் பீலரால் இரண்டு சீவல் சீவிப் போட்டு, காலையில் சாற்றைப் பிழிந்துகொள்ளுங்கள். சாத்துக்குடிக்கும் கமலா ஆரஞ்சுக்கும் இதே விதி. தோலை உரித்துவிட்டுச் சுளையைக் குறுக்கே வெட்டிப் போட்டால் நாலைந்து மணி நேரம் தாங்கும்.

சித்திரையில் எலுமிச்சை விலை எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மாதத்தில் எலுமிச்சையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. மாங்காய் இருக்கிறது. பாதி கிளிமூக்கு மாங்காயைத் தோல் சீவி மெல்லிய சீவலாக்கி, ஆறேழு புதினா இலையோடு மூன்று மணி நேரம் ஊறவைத்தால் வரும் தண்ணீர்தான் என் கணக்கில் கோடையின் முதல் பரிசுக்கு உரியது. கல் உப்பு இரண்டு மூன்று பரல் போட்டுக்கொண்டால் இன்னும் எடுப்பாக இருக்கும்.

வெள்ளரி எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும். காம்புப் பக்கம் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காய் முழுவதையும் தள்ளிவிடுங்கள். இஞ்சியைச் சேர்த்தோ எலுமிச்சையைச் சேர்த்தோ கசப்பை மறைக்கப் பார்க்காதீர்கள், கடுமையாகக் கசக்கும் வெள்ளரியும் சுரையும் வயிற்றைப் பதம் பார்க்கும். நல்ல வெள்ளரி இரண்டு மணி நேரத்தில் மணம் கொடுத்துவிடும். ஊறிய துண்டுகளை அன்றைக்கே தயிரில் போட்டுப் பச்சடி செய்துவிடலாம்.

அன்னாசியில் நாம் தூக்கி எறியும் நடுத்தண்டு இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். கடினமாக இருப்பதால் கரையாது, இரவு முழுக்க ஊறினாலும் தண்ணீர் கலங்காது. நெல்லிக்காய் கார்த்திகை, மார்கழியில் மலிவு. கொட்டை நீக்கிச் சீவி இஞ்சியோடு போட்டால் முதல் வாய் துவர்க்கும், பிறகு இனிக்கும். ஆனி, ஆடியில் நாவல் பழம் தள்ளுவண்டியில் வரும். பத்துப் பழத்தை லேசாகக் கீறிப் போட்டால் தண்ணீர் ஊதாவாகிவிடும், பிள்ளைகள் அந்த நிறத்துக்காகவே குடிப்பார்கள். மாதுளை முத்துகளைக் கரண்டியின் பின்புறத்தால் ஒருமுறை அமுக்கிப் போடுங்கள், இல்லையென்றால் முத்து முத்தாகவே கிடக்கும்.

தர்பூசணியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அதுவே பெரும்பாலும் தண்ணீர், தண்ணீரில் போட்டு என்ன ஆகப்போகிறது? புளிப்பு இல்லாத பழம் என்பதால் சீக்கிரம் கெடவும் செய்யும். அதைத் துண்டு போட்டுச் சாப்பிடுங்கள். வாழை, சப்போட்டா, சீத்தா, பப்பாளி, பழுத்த மாம்பழம் இவையும் வேண்டாம். தண்ணீர் கலங்கும், வழவழக்கும்.

கழுவுவதில் சோம்பல் கூடாது, தோலோடு ஊறப்போகிறது என்பதால். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் மண்ணும் மேலே ஒட்டிய மருந்தில் ஓரளவும் போகும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் போட்டுவைத்தால் ஆப்பிளின் மேல்தோலில் இருந்த இரண்டு வகை மருந்துகள் பெருமளவு நீங்கியதாக 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. தோலுக்குள் இறங்கிவிட்டதை அது எடுக்கவில்லை. மெழுகு பூசிப் பளபளக்கும் ஆப்பிளைத் தோல் சீவிவிட்டுப் போடுவதே மேல். நறுக்கும் பலகையும் கத்தியும் மீன், கறிக்கு உள்ளதாக இருக்கக் கூடாது.

இலை, தண்டு, பூ

புதினா ஒரு லிட்டருக்குப் பத்து இலை போதும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் மணம் எழும்பிவிடும். கசக்கிப் பிழிந்தால் புல் வாசம் வரும். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், அடுத்த நாள் வரை விட்டால் இலை கறுக்கும். துளசி இன்னும் வேகம். ஐந்தாறு இலை, அரை மணி நேரம். கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினால் துளசியிலும் உண்டு, அளவு கூடினால் பல்வலி மருந்து குடிப்பது போலாகிவிடும். ஓமவல்லி அதைவிடக் காரம். ஒரே ஒரு இலையைக் கிழித்துப் போடுங்கள்.

கடையில் கிடைக்காத ஒரு சரக்கு நாரத்தை இலை. எச்.வி.எப். எஸ்டேட் போன்ற பழைய குவார்ட்டர்ஸ் பகுதிகளிலும் தோட்டம் உள்ள வீடுகளிலும் நாரத்தையோ எலுமிச்சையோ ஒரு மரம் இருக்கும். தெரிந்தவர்களிடம் கேட்டால் ஒரு கொத்து கிடைக்காமல் போகாது. நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட்டு மூன்று இலையைப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் எலுமிச்சையின் மணம் வரும், புளிப்பு வராது. அல்சர் உள்ளவர்களுக்கும் புளிப்பு ஆகாதவர்களுக்கும் இதையே சொல்வேன்.

எலுமிச்சைப்புல், சீரகம், பட்டை, சுக்கு இவை பச்சைத் தண்ணீரில் சரியாக இறங்காது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறிய பின் மீதித் தண்ணீரில் கலந்துகொள்ள வேண்டும். நன்னாரி வேரை நசுக்கி, நடுவில் உள்ள கட்டையை எடுத்துவிட்டு, வெந்நீரில் போட்டு இரவு முழுக்க மூடிவையுங்கள். சர்பத் என்றே பழகிய நாக்குக்குச் சர்க்கரை இல்லாத நன்னாரித் தண்ணீர் முதலில் ஏமாற்றமாக இருக்கும், ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

சங்குப்பூவின் விளையாட்டைப் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். நீலப் பூ ஆறேழு, காம்போடு உள்ள பச்சை இதழை நீக்கி, ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டால் தண்ணீர் கருநீலமாகும். இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் கண்ணெதிரே ஊதாவாக மாறும். பூவில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்புக்கு ஒரு நிறமும் காரத்தன்மைக்கு ஒரு நிறமும் காட்டும். அதே பூவைப் போர் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் தனித்தனியே போட்டுப் பார்த்தால் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றியும் ஏதோ தெரியவரும். சுவை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, நிறத்துக்குத்தான்.

ரோஜா இதழ் போட ஆசைப்படுகிறவர்கள் வீட்டுச் செடியில் பூத்த பன்னீர் ரோஜாவை மட்டும் எடுங்கள். பூக்கடை ரோஜா தலையில் வைப்பதற்காக வளர்த்தது. எந்த மருந்து எப்போது அடித்தார்கள் என்று விற்பவருக்கே தெரியாது. மாலையில் கட்டிய துளசிக்கும் இது பொருந்தும்.

வெட்டிவேரும் கோயில் தீர்த்தமும்

இந்த விஷயம் நமக்குப் புதிதல்ல. பானையில் வெட்டிவேர் முடிச்சு போட்டு வைப்பது தமிழ்நாட்டில் பழைய பழக்கம். ஃபிரிட்ஜ் வந்த பிறகு பானையோடு வேரும் வீட்டைவிட்டுப் போய்விட்டது.

வெட்டிவேர் ஒரு புல்லின் வேர். கடலூர் மாவட்டத்தின் மணற்பாங்கான கடலோரத்தில் பயிராகிறது. நாட்டு மருந்துக் கடையில் சிறு கட்டாகக் கிடைக்கும். வாங்கும்போது ஒரு இழையை முறித்து முகர்ந்து பாருங்கள். ஈர மண்ணின் மணம் எழ வேண்டும். மணம் இல்லாத வேரை எடுக்காதீர்கள். தட்டி, பாய், விசிறி செய்ய வைத்திருக்கும் வேர் குடிப்பதற்கு உகந்ததல்ல. சில கடைகளில் விலாமிச்சை வேரை எடுத்துக் கொடுப்பார்கள். அது வேறு செடி, மாலை கட்டுவதற்குப் பயன்படுவது, கேட்டு வாங்குங்கள்.

வேரைக் கழுவுவதுதான் வேலை. இழைக்கு இழை மண் ஒளிந்திருக்கும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அலசி, கலங்கல் நிற்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு ஒரு வெந்நீர் அலசல். உலர்த்தி, வெள்ளை மல் துணியில் தளர்வாகக் கட்டி, ஐந்து லிட்டர் பானைக்கு 10 முதல் 15 கிராம் போடுங்கள். எட்டு மணி நேரத்தில் தண்ணீரில் மணம் ஏறிவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை முடிச்சை எடுத்து வெயிலில் சுள்ளென்று காயவைத்துவிட்டுத் திரும்பப் போடலாம். இரண்டு மூன்று முறைக்கு மேல் மணம் நிற்காது. வழவழப்பு தட்டினால் அந்தக் கணமே வேரை எறிந்துவிட்டுப் பானையைத் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிடுங்கள்.

பழைய வீடுகளில் கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறம் தேற்றான்கொட்டையைத் தேய்ப்பார்கள். கொட்டையின் சத்து கலங்கலைத் திரட்டி அடியில் படியவைக்கும். தெளிந்த தண்ணீர் எல்லாம் கிருமி இல்லாத தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது, அதையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

இன்னொரு பழைய செய்முறை நம் பக்கத்திலேயே தினமும் நடக்கிறது. ஆவடியிலிருந்து ரயிலில் சில நிறுத்தம் தள்ளித் திருநின்றவூர். 108 திவ்யதேசங்களில் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயில் அங்கே இருக்கிறது. பூந்தமல்லி பக்கம் போனால் திருமழிசையில் ஜெகந்நாதப் பெருமாள் கோயில். பெருமாள் கோயில்களில் கையில் வார்க்கும் தீர்த்தத்தின் மணம் ஒருமுறை குடித்தவர்களுக்கு மறக்காது: துளசி, ஏலம், கிராம்பு, பச்சைக் கற்பூரம். வீட்டில் அதே மணத்தைக் கொண்டுவர ஒரு லிட்டருக்கு ஒரு ஏலக்காயை நசுக்கியும் ஒரு கிராம்பும் ஐந்து துளசி இலையும் போட்டு ஒரு மணி நேரம் வைத்தால் போதும்.

பச்சைக் கற்பூரத்தை இதில் நான் சேர்க்கவில்லை, வேண்டுமென்றேதான். கோயிலில் நமக்குக் கிடைப்பது ஒரு உத்தரணி. வீட்டு ஜாடியிலிருந்து நாம் குடிப்பது டம்ளர் டம்ளராக. கற்பூரம் கொஞ்சம் கூடினாலும் நஞ்சு. குழந்தைகளுக்குச் சிறு அளவே வலிப்பைக் கொண்டுவரும். பூஜை அறையில் ஏற்றும் சூடத்தை எந்தக் காரணத்துக்கும் தண்ணீரில் போடவே கூடாது.

எவ்வளவு நேரம் வைக்கலாம்

நறுக்கிய பழம் போட்ட தண்ணீரை வெளியே வைக்க அனுமதி இரண்டு மணி நேரம். அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். ஆவடியில் மார்ச் முதல் செப்டம்பர் வரை எந்த அறை 32 டிகிரிக்குக் கீழே இருக்கிறது? எனவே மேசையில் ஜாடி வைத்து நாள் முழுக்கக் குடிப்பது நம் ஊருக்குச் சரிப்படாது. ஃபிரிட்ஜில் ஊறவைத்து, வேண்டியபோது டம்ளரில் ஊற்றிக்கொண்டு, ஜாடியைத் திரும்ப உள்ளே வைத்துவிட வேண்டும். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கேதான் சூடு ஏறும். உள் தட்டில், பின்சுவர்ப் பக்கம் வையுங்கள்.

நடைமுறைக்கு உகந்த வரிசை இது. இரவு படுக்கப் போகுமுன் பழத்தை (எலுமிச்சை வகைக்கு மேலே சொன்ன விதிதான்) நறுக்கிப் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பது. காலையில் வடிகட்டிப் பழத்தை எடுத்துவிடுவது. புதினா, துளசி போன்ற இலையைக் காலையில் சேர்ப்பது. ராத்திரிக்குள் குடித்து முடிப்பது. பழம் நீங்கிய தண்ணீர் ஃபிரிட்ஜில் இரண்டாம் நாளும் தாங்கும். மூன்றாம் நாள் செடிக்கு ஊற்றுங்கள். ஊறிய பழத்தில் அன்றைக்கே இன்னொரு முறை தண்ணீர் ஊற்றலாம், சுவை பாதியாகத்தான் இருக்கும். நுரை தட்டினாலோ புளித்த வாடை வந்தாலோ சுவைத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

மின்வெட்டு இல்லாமல் நம் கோடை இல்லை. திறக்காத ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கு மேல் கரண்ட் போனால் பழம் கிடக்கும் ஜாடியைக் கொட்டிவிடுங்கள்.

ரயிலுக்கும் ஷெட்டுக்கும்

காலை மின்ரயிலில் சென்ட்ரலுக்கோ கடற்கரைக்கோ போகிறவர்கள் பாட்டிலில் பழத் துண்டோடு எடுத்துப் போகக் கூடாது. நெரிசலில் பையில் கிடந்து சூடாகி, அலுவலகம் போய்ச் சேரும்போது பழம் குழைந்திருக்கும். வடிகட்டிய தண்ணீரை எவர்சில்வர் பிளாஸ்கில், ஐஸ் நாலு துண்டு போட்டு எடுத்துப் போங்கள். அந்த ஐஸும் குடிதண்ணீரில் செய்ததாக இருக்கட்டும். நடுவில் சல்லடைக் குழாய் வைத்த பாட்டில்கள் கடையில் விற்கிறார்கள். பழத்தை எளிதாக வெளியே எடுக்க அது உதவும். ஆனால் சல்லடையின் மூலைகளைப் பழைய டூத்பிரஷ் கொண்டு தினமும் தேய்க்கும் பொறுமை இருந்தால்தான் வாங்க வேண்டும்.

பட்டறையிலும் கட்டட வேலையிலும் வெல்டிங் ஷெட்டிலும் நின்று வியர்வை வழிய உழைக்கிறவர்களுக்கு இந்தத் தண்ணீர் போதாது. வியர்வையில் போவது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான். அவர்களுக்கு உப்புப் போட்ட நீர்மோர் வேண்டும், கஞ்சித்தண்ணீர் வேண்டும். தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு வந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும். பொட்டலம் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது. பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ கையில் டம்ளரோடு நிற்காதீர்கள், உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் கட்டுப்பாடு வைத்திருக்கும் இதய நோயாளிகளும் சிறுநீரக நோயாளிகளும் இதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மூலிகைத் தண்ணீர் என்பதால் தனிச் சலுகை கிடையாது. சர்க்கரை நோயாளிகள் தாராளமாகக் குடிக்கலாம், ஊறிய பழத்தையும் சேர்த்துத் தின்றால் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். புளிப்புத் தண்ணீரை நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தால் பல் எனாமல் தேயும். குடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள்.

பந்தல் போடுகிறவர்களுக்கு

பங்குனி பிறந்தால் ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர்ச் சாலை முனைகளில் தண்ணீர்ப் பந்தல்கள் முளைக்கும். சமீப காலமாகச் சில பந்தல்களில் தர்பூசணித் துண்டும் வெள்ளரியும் மிதக்கும் டிரம்மைப் பார்க்க முடிகிறது. நோக்கம் நல்லது, ஆனால் முறை சரியில்லை. திறந்த சாலையில், 40 டிகிரி வெயிலில், நறுக்கிய பழம் கிடக்கும் தண்ணீரை நண்பகல் தாண்டியும் நூறு பேருக்குக் கொடுப்பது வயிற்றுப்போக்கை விநியோகிப்பதற்குச் சமம். வீட்டுக்குச் சொன்ன பழத் தண்ணீர் முறை எதையும் பந்தலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பந்தலுக்கு ஏற்றவை இரண்டு. 20 லிட்டர் கேன் தண்ணீருக்கு 50 கிராம் வெட்டிவேர், நன்றாக அலசித் துணியில் கட்டியது. முந்தைய நாள் இரவே மூடிய பானையில் போட்டுவிட வேண்டும். அல்லது 20 லிட்டருக்கு நாலு டேபிள்ஸ்பூன் சீரகத்தைத் தனியே இரண்டு லிட்டரில் கொதிக்கவைத்து வடிகட்டிக் கலந்தது. பானையில் டம்ளரை முக்கி எடுக்க விடாதீர்கள், குழாய் வைத்த பானை வாங்குங்கள். ஒரே டம்ளரை எல்லோருக்கும் கொடுக்க நேர்ந்தால் அண்ணாந்து குடிக்கச் சொல்லுங்கள். பானை நிழலில் இருக்கட்டும், மூடி இருக்கட்டும், மாலையில் மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் கழுவுங்கள். இந்த ஆண்டு பந்தல் போட நினைப்பவர்கள் வெட்டிவேரை மாசிக் கடைசியிலேயே வாங்கிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு வேரின் விலையும் கூடவே ஏறும்.